பாதைப் பொறுப்பாளர் அவர்களுக்கு

கனகசுந்தரத்துக்குத் தமிழில் ஒரு வீம்பு இருந்தது. உயிர் போனாலும் 'றோட்டு' என்று எழுத மாட்டார். 'தெரு' என்பது சந்தைக்காரர் வாயில் அடிபட்டுத் தேய்ந்த சொல்லாம். 'வீதி' என்பது சாமி வலம் வருகிற இடமாம், அதில் லொறியை ஓடவிடுவது பாவமாம். ஆகவே அரசாங்கக் கடிதம் எதுவானாலும் அவருக்கு அது 'பாதை'தான். கோச்சியைக் கோச்சி என்று எழுதமாட்டார், 'நீராவிப் புகைவண்டி' என்று இழுப்பார். கந்தோர்ப் பியோன் ஞானசேகரத்தை ஒருநாள் 'பணியாளர்' என்று எழுதிவைத்தார். அந்த மனுசன் அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இந்த வீம்பு ஒருவருக்கும் ஒரு கெடுதலும் செய்யாமல் ஐந்து வருஷம் ஓடியது. திருகோணமலையில் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு கந்தோரில் அவர் கடிதம் எழுதும் இலிகிதர். எந்த இலாகா என்று கேட்காதீர்கள், சொன்னால் இன்றைக்கும் யாராவது கோபிப்பார்கள். சொந்த ஊர் யாழ்ப்பாணத்துக் கைதடி. மனைவி இராசமலர் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. ஒரே மகளுக்கு நாலரை வயது. கனகசுந்தரம் வருஷத்தில் மூன்று தடவை ஊருக்குப் போவார், நாலாம் நாள் திரும்பிவிடுவார். 1968 சித்திரை வருஷப்பிறப்புக்குப் போனபோது, அவர் வாங்கிக்கொண்டு போன பொம்மையைப் பிடுங்கிக்கொண்டு மகள் தாய்க்குப் பின்னால் ஒளித்து நின்று கேட்டாள்:

"அம்மா, இந்த மாமா எப்ப போவார்?"

எல்லோரும் சிரித்தார்கள். கனகசுந்தரமும் சிரித்தார். திரும்பி வரும்போது கோச்சியில் யன்னலோரம் இருந்து அழுதார். பக்கத்துச் சீட்டுக்காரர் என்னவென்று கேட்க, கண்ணில் கரி விழுந்துவிட்டது என்றார். அது டீசல் கோச்சி. கரி எங்கிருந்து வந்தது என்று அந்த நல்ல மனிதர் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் கேட்டு அவர் எழுதிய மனுக்களை அடுக்கினால் ஒரு தலையணைக்குக் காணும். கடைசியில் வைகாசி மாதம் பலன் வந்தது. கந்தோரின் பெரியவர் இரத்தினசிங்கம் கூப்பிட்டு, "ஆவணி முதலாந் தேதி நீர் யாழ்ப்பாணம் போகலாம். அதுவரைக்கும் உம்மட பைலில ஒரு கீறலும் விழாமல் பாத்துக்கொள்ளும்" என்றார். அன்று முதல் கனகசுந்தரம் நாட்காட்டியில் ஒவ்வொரு நாளாக வெட்டிக்கொண்டு வந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்பிலிருந்து அந்தக் கோச்சி விஷயம் வந்து சேர்ந்தது.

யுத்த காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை கிண்ணியாப் பக்கம் ஒரு கல்லுமலையை உடைத்தது. மலையிலிருந்து கரைக்குக் கல் இழுக்க ஒரு சின்னத் தண்டவாளம், அதில் ஓட ஒரு சின்னக் கரிக்கோச்சி. யுத்தம் முடிந்தது, கடற்படையும் போனது. தண்டவாளத்தைச் சனம் கழற்றி வேலிக்கும் கிணற்றுக்கும் வைத்துக்கொண்டது. பதினொரு தொன் இஞ்சினை வேலிக்கு வைக்க முடியாதல்லவா, அது அங்கேயே நின்றது. ஆடுகள் அதன் வயிற்றுக்குக் கீழே படுத்தன. இப்போது கொழும்பில் றெயில் நூதனசாலை ஒன்று தொடங்கப் போகிறார்களாம். அந்த வகை இஞ்சின் இலங்கையில் இது ஒன்றுதான் மிச்சமாம். உடனே ஏற்றி அனுப்பு என்று உத்தரவு.

ஏற்பாடெல்லாம் கனகசுந்தரத்தின் மேசைக்கு வந்தது. அவர் தேசப்படத்தை விரித்துப் பார்த்தார். கிண்ணியாவிலிருந்து காட்டுப் பக்கமாகக் கந்தளாய்க்கு ஒரு கோடு ஓடியது. கந்தளாயில் றெயில் ஸ்டேஷன் உண்டு. கிண்ணியா லொறி முதலாளி ஜவாஹிரிடம் பெரிய ட்றெயிலர் ஒன்றும் உண்டு. விஷயம் முடிந்தது. அந்த றோட்டைப் பார்த்துக்கொள்ளும் ஓவசியருக்கு ஒரு கடிதம் போட்டால் போதும். 'ஓவசியர்' என்று எழுத அவர் கை கூசியது. யோசித்து, தானே தட்டச்சில் இப்படி அடித்தார்:

'பாதைப் பொறுப்பாளர் அவர்களுக்கு. பழம்பெருமை வாய்ந்த நீராவிப் புகைவண்டி இயந்திரம் ஒன்றை, பாதை வழியாகப் புகையிரத நிலையத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டியுள்ளது. இப்பணி தங்களைப் போன்ற அனுபவசாலியின் துணையின்றி நிறைவேறாது என்பதால், தங்கள் மேலான ஒத்துழைப்பைப் பணிவுடன் வேண்டுகிறேன்.'

அடித்துவிட்டு இரண்டு தரம் வாசித்து ரசித்தார். ஜவாஹிருக்கும் ஒரு பிரதி வைத்து, "கிண்ணியாவில குடுத்திட்டு வாரும்" என்று ஞானசேகரத்திடம் கொடுத்தார்.

கிண்ணியாவிலும் மூதூரிலும், தெற்கே வெருகல் வரைக்கும், 'பாதை' என்றால் நடக்கிற இடமில்லை. அது தண்ணீரில் மிதக்கிற சாமான். இரும்புப் பீப்பாக்களின் மேல் பலகை அடித்து, கரைக்குக் கரை கட்டிய கம்பிவடத்தைப் பிடித்து ஆட்கள் இழுக்க, பஸ்ஸையும் லொறியையும் மாட்டையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருவதுதான் பாதை. 'பாதை இன்னும் வரல்ல' என்பார்கள், 'பாதை அக்கரையில நிக்குது' என்பார்கள். யாழ்ப்பாணத்தான் கேட்டால் தலையைச் சொறிவான். கனகசுந்தரம் ஐந்து வருஷத்தில் ஒருதரமாவது கிண்ணியாவுக்குப் போயிருந்தால் இது தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்ததெல்லாம் கந்தோர், அறை, கோணேசர் கோயில், ஊருக்குப் போகிற கோச்சி. ஞானசேகரம் திருகோணமலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பாதைப் பொறுப்பாளர் என்றால் பாதைத்துறையில் தலைமையாக நிற்கிற முனாப்தானே என்று, கடிதத்தை நேரே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிட்டார். கிண்ணியாக்காரருக்கு ஸ்டேஷன் என்றாலும் ஒன்றுதான். பாதையால் அக்கரைக்குப் போய் ஏறுகிற சீனன்குடா ஸ்டேஷன்.

ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஞானசேகரம் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு ஓடிவந்தார்.

"ஐயா, கோச்சி பாதையில ஏறி நடுவில மாட்டுப்பட்டுப்போச்சாம்!"

"பாதையில ஏறினால்தானே போகலாம். அதுக்கேன் இப்பிடி ஓடி வாறீர்?"

"தண்ணியில நிக்குது, ஐயா."

"பாதையில தண்ணி எப்பிடி வந்தது? மழையும் இல்லையே."

ஞானசேகரம் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார். "பாதையில தண்ணி வரேல்லை ஐயா. தண்ணியிலதானே பாதை நிக்கும்."

கனகசுந்தரம் பேனாவை மூடி வைத்தார். ஏதோ ஒன்று தலைகீழாகிவிட்டது என்பது மட்டும் அவருக்கு விளங்கியது.

பாதைத்துறைக்குப் போய் இறங்கியபோது மீதியும் விளங்கிவிட்டது. கரையிலிருந்து முப்பது யார் தூரத்தில், மணல்திட்டில் வயிறு தட்டி, ஒருபக்கம் சரிந்து பாதை நின்றது. அதன் நட்டநடுவில், சிலிப்பர்க் கட்டைகளின்மேல், நாலு பக்கமும் வடம் போட்டுக் கட்டிய அந்தக் கோச்சி. புகைக்குழாயைக் கழற்றித் தனியே படகில் ஏற்றியிருந்தார்கள். இரண்டு கரையிலும் பஸ்ஸும் லொறியும் வரிசையாக நின்றன. சனம் சின்னத் தோணிகளில் கடந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு பலகை: 'ஏழு தொன்னுக்கு மேல் ஏற்றக்கூடாது.'

இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஒருவர் கரைக்கு ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார்.

"கந்தோரிலிருந்து வந்தனான். கனகசுந்தரம்."

அந்த மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. "கடிதம் எழுதின ஐயாவா? நான்தான் முனாப், ஐயா. நீங்களே வந்திட்டீங்களா!" கையைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்துவிட்டு, கரையில் கழற்றி வைத்திருந்த சேட்டுப் பொக்கற்றிலிருந்து மெழுகுத்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் காட்டினார். கடிதம்தான். மடிப்புக் குலையாமல் இருந்தது.

"இருவத்திரண்டு வருஷமாப் பாதை இழுக்கிறன் ஐயா. 'அடே பாதைக்காரா' எண்டு கூப்பிட்ட ஆக்கள்தான் எல்லாரும். 'அவர்களுக்கு' எண்டு ஒருத்தரும் எழுதினதில்ல. பொஞ்சாதிக்கு வாசிச்சுக் காட்டினன். அவ நம்பல்ல. பள்ளிவாசல்ல மௌலவிட்டயும் காட்டினன்."

"காக்கா" என்று மூத்தவருக்குரிய முறை வைத்துக் கூப்பிட்டார் கனகசுந்தரம். "ஏழு தொன்னுக்கு மேல ஏத்தப்படாது எண்டு போட்டிருக்கே..."

"நானே பெயின்ற் அடிச்ச பலகைதானே ஐயா. வேற ஆர் கேட்டாலும் ஏலாது எண்டு திருப்பி அனுப்பிருப்பன். நீங்க ஒத்துழைப்புக் கேட்டீங்க. அனுபவசாலி எண்டு வேற எழுதிட்டீங்க. புறகு எப்பிடி ஏலாதெண்டு சொல்லுற?"

அது உங்களுக்கு எழுதிய கடிதமில்லை என்று சொல்லக் கனகசுந்தரம் வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவருக்கு முடியவில்லை. "அந்தக் கடிதத்தை ஒருக்காத் தாங்கோ" என்று மட்டும் கேட்டார்.

"அது என்னோடயே இரிக்கட்டும், ஐயா" என்று முனாப் சிரித்தபடி சுற்றி வைத்துவிட்டார்.

ஒரு பீப்பா வெடித்திருந்தது. ஆனாலும் முனாப் கலங்கவில்லை. தண்ணீர் வற்றியிருக்கும்போதே ஊரிலிருந்த வெறும் பீப்பாக்களையெல்லாம் திரட்டி, பாதையின் இரண்டு பக்கமும் தாழ்த்திக் கட்டச் செய்தார். பின்னேரம் தண்ணீர் பெருகும்போது பீப்பா எழும்பும், பீப்பாவோடு பாதையும் எழும்பும், அந்த நேரம் கரைவலைக்காரர் வடத்தைப் பிடித்து ஒரே இழுவையாக இழுத்துவிடவேண்டும் என்பது அவர் கணக்கு. கட்டி முடிய, இனித் தண்ணீர் வரும்வரை பார்த்திருப்பதுதான் வேலை. இருவரும் ஒரு மரக்குற்றியில் இருந்தார்கள். முனாப்பின் வீட்டிலிருந்து பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தன.

அறியாத மனிதரிடம் மனம் திறப்பது சிலவேளை சுகம். ஆவணியில் ஊருக்கு மாற்றம் என்பதையும், மகள் தன்னை மாமா என்று சொன்னதையும், ஒருவருக்கும் சொல்லாத கனகசுந்தரம் அன்றைக்கு முனாப்புக்குச் சொன்னார்.

முனாப் பிளேன்டீயை ஒரு மிடறு குடித்தார். பிறகு, "எனக்கு அஞ்சு பொம்புளப் புள்ளைகள் ஐயா. நான் வீட்ட போனா முகத்தப் பாக்காதுகள், கையில மீன் இரிக்கா எண்டுதான் பாக்கும். எண்டாலும் வாப்பா எண்டு கூப்பிட்டுத்தான் மீனைப் பறிக்கும்" என்றார். "நீங்க கெதியாப் போயிருங்க ஐயா. இன்னும் ரெண்டு வருஷம் போனா அந்த மாமா எண்ட சொல்லு இறுகிப்போகும்."

நாலு மணிக்குப் பிறகு பீப்பாக்கள் முனகத் தொடங்கின. முப்பது பேர் வடத்தில் நின்றார்கள். கனகசுந்தரம் செருப்பைக் கழற்றிவிட்டு முப்பத்தோராவது ஆளாகப் போய்ப் பிடித்தார். வெள்ளைச் சேட்டுச் சேறாகியது, உள்ளங்கை உரிந்தது. முனாப் குரல் கொடுத்த மூன்றாம் இழுவையில் பாதை ஒருதரம் குலுங்கி, மெல்லத் திரும்பி, கரையை நோக்கி வந்தது. கரையில் தட்டியதும் சனம் கூச்சலிட்டது. ஜவாஹிர் முதலாளியின் லொறி சங்கிலி போட்டு இழுக்க, கட்டைமேல் கட்டையாக மாற்றி வைத்து, இருட்டுமுன்னர் கோச்சியைத் தரையில் ஏற்றிவிட்டார்கள். அது பதினொரு தொன் பிடிவாதத்தோடு சீனன்குடா ஸ்டேஷன் இருந்த பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது. கனகசுந்தரம் அதன் இரும்பைத் தடவிப் பார்த்தார். வெயில் சூடு இன்னும் ஆறவில்லை.

அந்தச் சந்தோஷம் அடுத்த நாள் காலை பத்து மணி வரைதான் நிலைத்தது.

பாதை உடைந்து போக்குவரத்து நின்றதால் முறைப்பாடு வந்திருந்தது. இரத்தினசிங்கம் மேசையைத் தட்டிச் சொன்னார்: "ஏழு தொன் பாதையில பதினொரு தொன்னை ஏத்தியிருக்கிறான். ஆர் பிழை எண்டு நான் மேல எழுத வேணும். வெள்ளிக்கிழமை அந்தப் பாதைக்காரனைக் கூப்பிடும். எங்கட கடிதத்தின்ர கந்தோர்ப் பிரதியையும் எடுத்து வையும்."

அன்று எல்லோரும் போனபின் கனகசுந்தரம் அந்தக் கார்பன் பிரதியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தார். 'பாதை வழியாக' என்ற இரண்டு சொற்களும் ஒரு வரியின் தொடக்கத்தில் விழுந்திருந்தன. அதற்கு மேல்வரியின் கடைசியில் கொஞ்சம் வெற்றிடம். ஒரு சொல் அடிக்க அளவான இடம். ஒரே ஒரு சொல். 'தரைப்'.

நான் நினைத்ததைத்தானே அடிக்கிறேன், இது பொய் இல்லையே என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். தரைப் பாதை என்றுதானே மனதில் இருந்தது. நாட்காட்டியைப் பார்த்தார். வெட்டாமல் இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது. மகளின் குரல் காதுக்குள் கேட்டது. தட்டச்சில் கார்பனை வைத்து அந்தச் சொல்லை அடித்துவிட்டு, திரும்பிப் பாராமல் அறைக்குப் போனார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாலரை வயதுப் பிள்ளை தன்னை அப்பா என்று கூப்பிடவேண்டும் என்று ஏங்கிய ஒரு மனிதன், அவ்வளவுதான். ஆனால் அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை முனாப் தோய்த்து மடித்த சேட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். கதிரை காட்டியும் இருக்கவில்லை. கனகசுந்தரம் மூலையில் குறிப்பெழுத உட்கார்ந்திருந்தார். இரத்தினசிங்கம் பிரதியை எடுத்து உரக்க வாசித்தார். "'...தரைப் பாதை வழியாகப் புகையிரத நிலையத்துக்கு...' தரைப் பாதை எண்டு வடிவாக் கிடக்கு. நீ ஏன் தண்ணியில ஏத்தினனி? உனக்கு வந்த கடிதம் எங்கே?"

முனாப்பின் கை பொக்கற்றுக்குப் போனது. போகிற வழியிலேயே நின்றது. அவர் திரும்பிக் கனகசுந்தரத்தை ஒருதரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் கனகசுந்தரம் தாங்கியிருப்பார். முனாப் அப்படிப் பார்க்கவில்லை. ஒரு கணக்கை விளங்கிக்கொண்டவரைப் போலப் பார்த்துவிட்டு, கையைக் கீழே இறக்கினார்.

"அது தண்ணியில விழுந்திட்டு, சேர். நான்தான் சரியா வாசிக்கல்ல. கண்ணும் இப்ப கொஞ்சம் மங்கல்."

"அப்ப பிழை உன்ர?"

"ஓம், சேர்."

"வேலை போகும். தெரியுமோ?"

"தெரியும், சேர்."

'தன் பிழையை ஒப்புக்கொண்டார்' என்று எழுதப்போன கனகசுந்தரத்தின் பேனா 'தன்' என்பதோடு நின்றுவிட்டது. மெல்லிய சேட்டுத் துணிக்கூடாக மெழுகுத்தாளின் ஓரம் அவருக்குத் தெரிந்தது. அஞ்சு பொம்புளைப் பிள்ளைகள். மீன் இருக்கிறதா என்று கையைப் பார்க்கிற பிள்ளைகள். இந்தக் கையில் இனி என்ன இருக்கும்?

அவர் எழும்பினார். "சேர், கடிதம் தண்ணியில விழேல்லை. அவருடைய பொக்கற்றில கிடக்கு."

"ஐயா, சும்மா இருங்க" என்றார் முனாப், கெஞ்சுகிற குரலில். "சேர், ஐயாக்கு ஊருக்குப் போகணும். புள்ளைக்கு ஐயாவ ஆரெண்டு தெரியாது. எனக்கென்ன, நான் தோணி வலிச்சாவது பொழைப்பன்."

கனகசுந்தரம் எல்லாவற்றையும் சொன்னார். ஓவசியருக்கு எழுதியதையும், 'பாதை' என்ற சொல்லையும், மேல்வரிக் கடைசியில் தான் அடித்த ஒரு சொல்லையும் சொன்னார். அது உங்களுக்கு எழுதிய கடிதமில்லை என்று முனாப்பைப் பார்த்துச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. முனாப் தலையைக் குனிந்துகொண்டார்.

இரத்தினசிங்கம் கடிதத்தை வாங்கி, பிரதிக்குப் பக்கத்தில் வைத்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"ஐசே, உமக்கு றோட்டு எண்டு எழுத வராதோ?"

கனகசுந்தரம் குறிப்புத்தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூண்டெழுத்து. அதை எழுதியிருந்தால் நீர் ஆவணியில பிள்ளையோட நிப்பீர்." அவர் அந்தக் கார்பன் பிரதியை நாலாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டார். "இதை நான் காணேல்லை. கண்டால் உம்மட வேலையும் போகும். கடிதத்தின் வாசகம் தெளிவில்லாமல் இருந்தது எண்டு எழுதுவன். இந்த மனுசன் வேலைக்குத் திரும்பட்டும். ஆனால் உமக்கு யாழ்ப்பாணம் இல்லை. கிண்ணியாவில எங்கட கிளைக் கந்தோர் ஒண்டு கிடக்கு, ஒருத்தரும் போறதில்லை. அங்க போய் இருந்து தமிழ் படியும்."

கடிதம் மேசையில் கிடந்தது. முனாப் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கனகசுந்தரம் அதை எடுத்து, மேலே ஏற்கெனவே இருந்த 'பாதைப் பொறுப்பாளர் அவர்களுக்கு' என்பதற்குப் பக்கத்தில் பேனாவால் 'கிண்ணியா, ஜனாப் முனாப்' என்று எழுதிக் கையெழுத்து வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

"இப்ப உங்களுக்குத்தான், காக்கா."

கோச்சி அடுத்த வாரம் சீனன்குடாவில் வாகனில் ஏறிக் கொழும்புக்குப் போனது. நூதனசாலையில் பக்கத்தில் வைக்கும் பலகைக்குத் தமிழில் நாலு வரி எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். கனகசுந்தரம் எழுதினார்: 'இந்தக் கரிக்கோச்சி யுத்த காலத்தில் கிண்ணியாவில் கல் இழுத்தது. 1968 ஆனியில் முனாப் என்பவர் இதைப் பாதையால் கொண்டுவந்து சேர்த்தார்.' அங்கிருந்து ஒரு கேள்வி வந்தது: 'பாதையால் என்பது றோட்டால் என்றிருக்க வேண்டுமோ?' அவர் பதில் போட்டார்: 'இல்லை. பாதை வேறு, றோட்டு வேறு.' தன் கையால் றோட்டு என்று எழுதியது அதுதான் முதல் தடவை. கை கூசவில்லை.

இராசமலருக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுதிவிட்டார். பத்து நாள், பதினைந்து நாள், பதில் இல்லை. கோபமாக இருப்பாள் என்று நினைத்தார். கோபிக்க நியாயமும் இருந்தது. ஆவணி முதலாந் தேதி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, யாழ்ப்பாணக் கோச்சியில் ஏறவேண்டிய மனிதர் கிண்ணியாப் பாதையில் ஏறினார். முனாப் காக்கா பெட்டியை வாங்கி வைத்துவிட்டு ஒன்றும் கதைக்காமல் வடத்தை இழுத்தார்.

ஆறாம் நாள்தான் இராசமலரின் கடிதம் வந்தது. 'நீங்கள் ஐந்து வருஷமாக இங்கே வர மனுப்போட்டீர்கள். நான் அங்கே வர ஒரே ஒரு மனுப்போட்டேன். கிண்ணியாப் பக்கம் படிப்பிக்க வருகிறேன் என்று தானாகக் கேட்ட முதல் ஆசிரியை நானாம், மனுவை வாங்கியவர் நம்பாமல் இரண்டு தரம் வாசித்தார். உத்தரவு கையில் கிடைக்கட்டும் என்றுதான் இவ்வளவு நாளும் எழுதவில்லை. இதை நாம் இரண்டு பேரும் முதலிலேயே யோசிக்காதது ஆர் பிழை என்று உங்கள் பெரியவரை ஒரு விசாரணை வைக்கச் சொல்லுங்கோ.'

கனகசுந்தரம் அந்தக் கடிதத்தை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். நனையாமல் இருக்க மெழுகுத்தாள் ஒன்று வேண்டும் என்று நினைத்தார்.

புரட்டாதியில் அவர்கள் வந்தார்கள். கனகசுந்தரம் சீனன்குடாவில் போய் இறக்கிக்கொண்டு, மூட்டை முடிச்சோடு பாதைத்துறைக்கு வந்தார். மகள் கோச்சியில் வந்த களைப்பில் தாயின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் குனிந்து பார்த்ததும் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கனகசுந்தரம் வற்புறுத்தவில்லை.

"வாங்க தங்கச்சி" என்று முனாப் காக்கா இராசமலரை வரவேற்று, சாமான்களை ஏற்றினார். புதுப் பீப்பா போட்ட பாதை அசைந்தது. கரையில் நின்ற மரங்கள் பின்னால் நகரத் தொடங்கியதும் பிள்ளைக்குப் பயமும் ஆச்சரியமும் ஒன்றாக வந்தன. தாய் மூட்டைகளைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அவள் கைக்கு எட்டியது பக்கத்தில் நின்றவரின் விரல்தான். அதை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, நிலம் ஓடுது!"

"நிலம் ஓடேல்லை குஞ்சு" என்றாள் இராசமலர். "இதுக்குப் பேர் பாதை. எங்களைத் தூக்கிக்கொண்டு போகுது. எப்பிடிப் போகுதெண்டு அப்பாட்டைக் கேள்."

பிள்ளை கேட்கவில்லை. தானே சுற்றிவரப் பார்த்தாள். தோள் புடைக்க வடத்தை இழுத்துக்கொண்டு நின்ற முனாப்பைக் கண்டாள். கொஞ்சம் யோசித்து, கண்டுபிடித்துவிட்டவள்போலப் பிடித்திருந்த விரலை ஆட்டினாள்.

"அப்பா, அந்த மாமா பாதையை இழுக்கிறார்!"

முனாப் காக்காவின் கை வடத்தில் அப்படியே நின்றது. பாதை நடுத்தண்ணீரில் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டு நின்றது. பின்னால் நின்ற பஸ் டிரைவர் ஹோர்ன் அடிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ அடிக்கவில்லை.

"என்ன, கண் கலங்கியிருக்கு?" என்று இராசமலர் கேட்டாள்.

"கரி விழுந்திட்டுது" என்றார் கனகசுந்தரம்.

தண்ணீருக்கு நடுவில் கரி எங்கிருந்து வந்தது என்று அவளும் கேட்கவில்லை.